கொட்டியாரத்துச் செம்பு

போன மாசி மாதம் எங்கள் சம்பந்தி வீட்டார் கனடாவிலிருந்து வந்து பதினைந்து நாள் எங்களோடு தங்கினார்கள். சம்பந்திக்குச் சொந்த ஊர் திருகோணமலைக்குத் தெற்கே மூதூர். அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தவர், எண்பதுகளில் ஊரைவிட்டுக் கிளம்பியவர். நிதானமாகப் பேசுவார். ஆனால் கேள்வி கேட்டால் கரும்பலகை முன்னால் நிற்க வைத்துக் கேட்பதுபோல இருக்கும்.

கும்பகோணம், தாராசுரம், சுவாமிமலை என்று ஒரு சுற்று முடித்துவிட்டு, ஒருநாள் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனோம். திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் எல்லோரும் நின்றுவிட்டோம். 1011-ல் செய்த சிலை. தலையில் பாம்பைச் சுற்றித் தலைப்பாகை கட்டிக்கொண்டு, காளைமேல் கை சாய்த்து நிற்கிற பாவனை. காளை மட்டும் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. சம்பந்தி சிலையைப் பார்த்தார், கூடம் முழுக்க ஒருமுறை பார்த்தார், பிறகு என்னிடம் திரும்பினார்.

"சம்பந்தி, இவ்வளவு செம்பும் எங்கயிருந்து வந்தது? உங்கட பக்கம் வயல்தானே இருக்கு, மலையே இல்லையே?"

நான் கொஞ்சமும் யோசிக்காமல், "ராஜராஜன் காலத்தில் எதற்குக் குறை? எல்லாம் நம்ம சோழநாட்டுச் சொத்துதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், வேறொன்றும் கேட்கவில்லை.

ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையில் இருந்தவன் நான். இந்த டெல்டாவின் அடியில் என்ன இருக்கிறது என்று கையால் எடுத்துப் பார்த்தவன். அங்கே செம்புத் தாது இல்லை என்று தெரிந்தவன் இப்படி ஒரு பதிலைச் சொல்லலாமா? அந்தக் கூச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் மண்ணின் கதை. காவிரிப் படுகையில் எண்ணெய்க்கான முதல் ஆழ்துளைக் கிணறு 1964-ல் காரைக்காலில் தோண்டப்பட்டது. நான் சேர்ந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. கிணறு இறங்க இறங்க, அடியிலிருந்து உருளை வடிவில் வெட்டி எடுக்கும் பாறைக்குக் கோர் என்று பெயர். கருப்பு ஷேல் கோரைக் கழுவி வெயிலில் பிடித்தால், சில துண்டுகளில் மஞ்சளாக மினுக்கும். வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் அத்தனை பேரும் ஒருநாளாவது "சார், தங்கம்!" என்று ஓடி வந்திருக்கிறார்கள். நானும் ஓடியிருக்கிறேன். அது பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். எடையில் பாதிக்கு மேல் கந்தகம்தான். கத்தியால் கீறினால் கீறல் விழாது. பளபளப்பு ஏற்றாத பீங்கானில் தேய்த்தால் பொன்னிறக் கோடு வராமல் கரும்பச்சைக் கோடு வரும். சித்த வைத்தியர்கள் நிமிளை, பொன்னிமிளை என்று சொல்லும் சரக்குகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்தப் பைரைட் எப்படி உண்டாகிறது என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நாற்று நட்ட வயலில் காலை வைத்து அழுத்தினால் மேலே பழுப்பாகவும் அடியில் கருப்பாகவும் சேறு இருக்கும். சில இடங்களில் அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றில் அந்த நாற்றம் இன்னும் அதிகம். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உப்புநீரில் உள்ள சல்பேட்டைப் பிடித்துக் கந்தக வாயுவாக மாற்றுகின்றன. அந்த வாயு சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்து கருப்பாகப் படிந்து, காலப்போக்கில் பைரைட் ஆகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் கேழ்வரகு மணிகளை உருட்டி ஒட்டியதுபோல் சின்னச் சின்ன உருண்டைகள். பத்துக் கோடி வருஷத்துக்கு முன் இங்கே கடல் இருந்தபோது நடந்ததும் இதேதான். அந்தக் கடல் பாறைகள் அரியலூர்ப் பக்கம் வெளியே தெரிகின்றன. 1860-களில் எச்.எஃப். பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்காக அவற்றை நடந்து அளந்து எழுதியிருக்கிறார்.

ஆக, பைரைட்டுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. செம்புக்குத்தான் பஞ்சம். செம்பும் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்துதான் பூமியில் கிடக்கும். சால்கோபைரைட் என்ற அதன் முக்கியத் தாது, பார்வைக்குப் பைரைட்டின் தம்பி மாதிரியே இருக்கும், கொஞ்சம் கூடுதல் மஞ்சள். கத்தியால் கீறினால் கீறல் விழும், அதுதான் வித்தியாசம். சுத்தமான கனிமத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் செம்பு. ஆனால் அது சேற்றில் விளையாது. பாறைகளின் ஆழத்தில் கொதிக்கும் நீர், வெடிப்புகள் வழியே உலோகங்களைக் கரைத்துக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். பழைய கடினப் பாறை நாட்டுக்கு உரிய சமாசாரம் அது. எங்கள் ஊரில் அந்தக் கடினப் பாறை ஆயிரக்கணக்கான மீட்டர் வண்டலுக்கும் களிமண்ணுக்கும் அடியில் கிடக்கிறது. ராஜராஜன் எத்தனை படை வைத்திருந்தாலும் அதைத் தொட்டிருக்க முடியாது.

சுவாமிமலையில் வார்ப்படம் செய்கிறவர்களைக் கேட்டால் காவிரி வண்டலைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். மெழுகில் உருவம் செய்து அதன்மேல் முதல் பூச்சாகப் பூசுவது அந்த மெல்லிய வண்டல் மண். நகக்கீறல்கூட அதில் பதியும். மெழுகு உருகி ஓடியபின் அந்தக் கீறல் உலோகத்தில் வரும். கருக்கட்டும் மண் எங்களுடையது, கை எங்களுடையது, வேலை செய்தவர்களுக்குப் போட்ட சோறும் எங்களுடையது. உள்ளே ஊற்றிய உலோகம் மட்டும் வெளியூர்.

எவ்வளவு உலோகம் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்க ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-ல், ஒரு செப்புக்குடம் கொடுத்தான். எடை 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் தகடு 2926½ கழஞ்சு. இவ்வளவும் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஒரு பலம் சுமார் 35 கிராம் என்று வைத்தால் குடம் மட்டும் நூறு கிலோவைத் தாண்டும். அதே கோயிலின் கல்வெட்டுகள் அறுபதுக்கும் மேற்பட்ட உலோகத் திருமேனிகளை உயரம், கை எண்ணிக்கை, பீடம் என்று அளவோடு பட்டியல் போடுகின்றன. அவற்றில் இன்று அங்கே எஞ்சியவை ஆடவல்லானும் உமையும் போல மிகச் சில. நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணிலிருந்து கிடைத்த பௌத்தப் படிமங்கள் சுமார் 350. இதோடு ஊர் ஊராகச் செப்பேடுகள், கோயில் கோயிலாக விளக்குகள், மணிகள், குடங்கள். நூற்றுக்கணக்கான ஊர்களில், முந்நூறு வருஷத்துக்கு மேல். இது ஏதோ ஒரு வியாபாரி மாட்டுவண்டியில் எப்போதாவது கொண்டுவந்து போட்டுத் தீர்கிற தேவை இல்லை.

சரி, செம்பு எங்கே இருந்தது?

பழைய காலத்தில் சல்பைடு தாதுவைக் கண்டுபிடிக்க டிரில்லும் கிடையாது, கருவியும் கிடையாது. கண்தான். பைரைட் மழையும் காற்றும் பட்டால் கந்தக அமிலமாகவும் துருவாகவும் பிரிந்துவிடும். அதனால் சல்பைடு தாது இருக்கும் இடத்தின் மேல்பகுதி, துருப்பிடித்த இரும்புச் சட்டியைக் கவிழ்த்ததுபோலச் செந்நிறத்தில் பொடிந்து கிடக்கும். அதில் அங்கங்கே மயில்கழுத்துப் பச்சை கசிந்திருந்தால் கீழே செம்பு. அமிலம் செம்பைக் கரைத்துக் கீழே இறக்கி, தண்ணீர் மட்டத்தை ஒட்டி மறுபடி சேர்த்துவைக்கும். அந்த இடம்தான் பழைய சுரங்கக்காரர்களின் அதிர்ஷ்டம். பச்சையைப் பின்பற்றிக் குழி பறித்து இறங்குவார்கள், தண்ணீர் வந்தால் விட்டுவிடுவார்கள். எடுத்த தாதுவை விறகில் அடுக்கி நாள்கணக்கில் வறுத்துக் கந்தகத்தைப் புகையாக விரட்ட வேண்டும். பிறகு துருத்தி ஊதி உருக்கினால் செம்பு அடியில் இறங்கும், சிட்டம் மேலே மிதக்கும். செம்பு ஊர் ஊராகப் போய்விடும். சிட்டத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். அது உருக்கிய இடத்திலேயே கிடக்கும். ஆகவே செம்பின் ஊரைத் தேடுகிறவன் சிட்டத்தைத்தான் தேட வேண்டும்.

தஞ்சாவூருக்கு மிகப் பக்கத்தில் உள்ள இடம் மாமண்டூர். பல்லவர் குடைவரை உள்ள மாமண்டூர் இல்லை, சென்னைச் சாலையில் பஸ் நின்று காபி குடிக்கும் மாமண்டூரும் இல்லை. பழைய தென்னார்க்காட்டில் இருப்பது. இங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்குள். அங்கே துத்தநாகம், ஈயம், செம்பு மூன்றின் சல்பைடுகளும் பைரைட்டோடு கலந்து கிடக்கின்றன. நம் காலத்தில் துளையிட்டு ஆராய்ந்ததில் மொத்தத் தாது பத்து லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. அதிலும் செம்பின் பங்கு குறைவு. அடுத்தது கர்நாடகத்தில் சித்திரதுர்கா பக்கத்தில் இங்கல்தாள். அங்கே பழைய சுரங்க வேலையின் தடயங்கள் உண்டு, அண்மைக்காலத்திலும் செம்பு எடுத்தார்கள். பிறகு ஆந்திரத்தில் குண்டூர்ப் பக்கம் அக்னிகுண்டாலா. பெயரிலேயே நெருப்புக்குண்டம். செம்பும் ஈயமும் உள்ள இடம்.

நான் பணியில் இருந்தவரை, யாராவது கேட்டால் இந்த மூன்று பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வேன். கடலுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை. இலங்கையில் இரும்பு உண்டு, ரத்தினக்கல் உண்டு, பென்சில் கரி உண்டு. செம்பு கிடையாது என்பதுதான் நீண்டகாலம் எல்லோரும் நம்பியது.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆனந்த குமாரசுவாமி. நடராஜர் தாண்டவத்தைப் பற்றி எழுதி அதை உலகமே தெரிந்துகொள்ள வைத்தவர் என்று நமக்குத் தெரியும். அவர் முதலில் புவியியலாளர் என்பது பலருக்குத் தெரியாது. 1877-ல் கொழும்பில் பிறந்தவர், முத்து குமாரசுவாமியின் மகன். லண்டனில் படித்துவிட்டு வந்து, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தார். தோரியம் மிகுந்த தோரியனைட் என்ற புதுக் கனிமம் உலகுக்குத் தெரியவந்தது அவர் மூலமாகத்தான். தாது தேடி ஊர் ஊராக நடந்த அந்த வருஷங்களில்தான் கிராமத்துக் கம்மாளர்கள், வார்ப்படக்காரர்கள், தச்சர்கள் அவர் கண்ணில் பட்டார்கள். கல்லை விட்டுக் கலைக்குப் போனார். 1908-ல் சிங்களக் கலை பற்றிய பெரிய புத்தகம், 1912-ல் சிவதாண்டவக் கட்டுரை, 1914-ல் கொழும்பு அருங்காட்சியகத்து வெண்கலங்கள் பற்றிய நூல், கடைசியில் அமெரிக்காவில் பாஸ்டன் அருங்காட்சியகம். தாதுவையும் அறிந்து படிமத்தையும் அறிந்த ஒரே மனிதர் என்று சொன்னால் மிகையில்லை. அவர் ஆய்வு நடத்திய தீவில், அவர் காலத்தில் யாருக்கும் தெரியாமல், ஒரு செம்புத் தாது புதருக்கடியில் கிடந்தது.

அது சேருவில. 1971-ல்தான் இலங்கைப் புவியியல் ஆய்வுத் திணைக்களம் அதைக் கண்டறிந்தது. மூதூருக்குத் தெற்கே, மகாவலி கடலில் சேரும் பகுதிக்குப் பக்கத்தில், பழைய பௌத்த விகாரை உள்ள ஊர். தீவின் நடுவே உள்ள பழம்பாறைத் தொகுதியும் கிழக்கே உள்ள விஜயன் பாறைத் தொகுதியும் முட்டிக்கொள்ளும் எல்லையில் தாது அமர்ந்திருக்கிறது. இரண்டு பெரிய பாறைத் துண்டுகள் சேரும் தையல் அது. வெந்நீர் ஏறுவதற்கு அதைவிட நல்ல வழி கிடைக்காது. காந்தம் இழுக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவோடு சால்கோபைரைட்டும் பைரைட்டும் கலந்து இருக்கின்றன. பழங்காலத்தவர் இங்கே செம்பு எடுத்திருக்க வேண்டும் என்று தொல்லியலாளர் சுதர்சன் செனவிரத்ன தொண்ணூறுகளில் விரிவாக எழுதினார். சோழர் சிலைகளுக்கான செம்பு இலங்கையிலிருந்து வந்தது என்ற கருத்தை வித்யா தெஹேஜியா 2021-ல் வெளிவந்த தன் சோழ வெண்கல நூலில் அழுத்தமாக முன்வைத்தார்.

இன்னொன்றும் உண்டு, இது என் தொழில் சம்பந்தப்பட்டது. காவிரிப் படுகை என்பதே ஒரு பிளவு. ஒட்டிக்கிடந்த இந்தியாவும் இலங்கையும் விலகத் தொடங்கிய காலத்தில் நடுவே தரை இறங்கிப் பள்ளமானது. அந்தப் பள்ளத்தில் நிறைந்த மண்ணின்மேல்தான் நாங்கள் நெல் விளைக்கிறோம். எங்கள் பக்கம் கடினப் பாறையைக் கீழே அமுக்கிய அதே அசைவு, அந்தப் பக்கம் அதை மேலேயே விட்டுவைத்தது.

சம்பந்தி மூதூர்க்காரர் என்று முதலிலேயே சொன்னேன். மூதூர் இருப்பது கொட்டியாரக் குடாவின் கரையில். 1660-ல் ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது அங்கேதான். அந்தப் பகுதியையே கொட்டியாரம் என்பார்கள். இந்தப் பெயரை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். பிறகு தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதி இரண்டை எடுத்துப் பார்த்தேன்.

பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றில், ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருமானம் ராஜராஜேச்சரத்துக்கு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. 993-ல் ராஜராஜன் படை இலங்கைக்குப் போனபின், பிடித்த பகுதிக்கு மும்முடிசோழ மண்டலம் என்று பெயரிட்டு, பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் ஆக்கினார்கள். அந்த மண்டலத்து நாடுகளின் பெயர்களில் கொட்டியாரம் வருகிறது. அந்தப் பழைய பெயருக்கு மேல் ராஜராஜ வளநாடு என்று புதுப் பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலின் சுவரில் சம்பந்தியின் ஊர், ஆயிரம் வருஷமாக!

நான் அவரை மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கோயிலில் நிறுத்திச் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட ஊரில இருந்து என்ன எடுத்தவங்கள் எண்டு எழுதியிருக்கே?" என்று கேட்டார்.

எழுதியிருக்கிறது. நெல், காசு, விளக்கெரிக்க இலுப்பை எண்ணெய். செம்பு இல்லை.

"இலுப்பை எண்ணெய்க்குக் கணக்கு எழுதினவங்கள் செம்புக்கு எழுதாமல் விடுவாங்களோ?"

நல்ல கேள்வி. என்னால் முடிந்த பதிலைச் சொன்னேன். கோயில் சுவரில் ஏறியது கோயிலுக்குச் சேரவேண்டியது மட்டும். அரண்மனைக்குப் போனது ஓலையில் இருந்திருக்கும், ஓலைகளைக் கரையான் தின்றாயிற்று. சிலைக்குச் செம்பு கொடுத்தவர் ராஜாவா, அக்கன் குந்தவையா, அதிகாரியா என்று கல்வெட்டு சொல்லும். அவர்களுக்குச் செம்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அவர் ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. எனக்கே முழுத் திருப்தி இல்லை.

எதிர்வாதமும் இருக்கிறது, மறைப்பானேன். செம்பியன் மாதேவி கோயில் கோயிலாகத் திருமேனிகள் செய்துவைத்த காலத்தின் பெரும்பகுதி 993-க்கு முந்தியது. அப்போது கொட்டியாரம் சோழர் கையில் இல்லை. 1070-ல் விஜயபாகு சோழரை இலங்கையிலிருந்து துரத்திய பிறகும் இங்கே வார்ப்பு வேலை நின்றுபோகவில்லை. ஆகவே படையெடுப்புத்தான் செம்பு கொண்டுவந்தது என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது. வியாபாரத்துக்குப் படை வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கொட்டியாரத்துக்குக் கடல் தூரம் முந்நூறு கிலோமீட்டர் அளவுதான். இங்கல்தாளிலிருந்து தஞ்சாவூருக்குத் தரை வழியாக வண்டி கட்டிக்கொண்டு வருவதைவிடத் தோணியில் வருவது எவ்வளவோ சுளுவு. ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டுகள் பதவியா, வாகல்கட என்று இலங்கையின் வட பகுதியில் கிடைத்திருக்கின்றன. இன்னொரு பக்கம், சோழர்கள் அனுராதபுரத்து விகாரைகளின் செல்வங்களைக் கொள்ளையடித்துப் போனதைச் சூளவம்சம் கடும் சொற்களில் சொல்கிறது. அங்கிருந்து வந்த பாத்திரமும் படிமமும் இங்கே மூசையில் உருகியிருந்தால், ரிஷபவாகனருக்குள் யாருடைய புத்தர் இருக்கிறார் என்று யார் சொல்வது? இதை எழுதும்போது எனக்கு அவ்வளவு சுகமாக இல்லை. ஆனால் கலைக்கூடத்தில் நான் சொன்ன பதிலைவிட இது நேர்மையானது.

விஞ்ஞானம் தீர்த்துவைக்காதா என்று கேட்பீர்கள். பெங்களூரில் பணிபுரியும் சாரதா ஸ்ரீனிவாசன், நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியப் படிமங்களிலிருந்து துளி உலோகம் எடுத்து ஆராய்ந்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டார். ஈயத்தில் எடை வேறான நான்கு வகை அணுக்கள் உண்டு. அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும், ரேகை மாதிரி. எந்தக் காலத்துச் சிலை, எந்தப் பாணி என்று பிரிக்க அது மிகவும் உதவியது. ஆனால் செம்பின் ஊரைக் காட்டுவதில் ஒரு சிக்கல். சோழர் வெண்கலத்தில் வெள்ளீயத்தோடு காரீயமும் வேண்டுமென்றே சேர்த்தார்கள், ஏழெட்டு சதவீதம் அளவுக்கு. உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓட அது உதவும். அப்படிச் சேர்த்தபின் ரேகை காட்டுவது காரீயத்தின் சுரங்கத்தை; செம்பில் இயற்கையாக இருந்த துளியளவு ஈயம் அதில் மூழ்கிப்போய்விடும். பழைய பாத்திரங்களை உருக்கிக் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு வீட்டுப் பாலை ஒரே அண்டாவில் ஊற்றியபின் எந்த மாட்டுப் பால் என்று தேடுகிற கதை. நிக்கல், கோபால்ட், ஆர்சனிக் போன்ற சிறுகலப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கும் இந்தப் பக்கம் சிலை மட்டும் போதாது, அந்தப் பக்கம் காலம் தெரிந்த சிட்டம் வேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஒரே சுரங்கம் என்று நான் நம்பவில்லை. இவ்வளவு பெரிய தேவைக்கு ஆந்திரமும் கர்நாடகமும் கொடுத்திருக்கும், கடல்வழிச் செம்பும் வந்திருக்கும். ஆனால் 993-க்கும் 1070-க்கும் இடையில், கையில் இருக்கும் வளநாட்டிலேயே செம்பு கிடக்கும்போது, நாகப்பட்டினத்துக்கு அவ்வளவு அருகில் துறையும் இருக்கும்போது, சோழ அதிகாரிகள் அதைச் சும்மா விட்டிருப்பார்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. நிலத்தை நுணுக்கி நுணுக்கி அளந்தவர்கள் அவர்கள்.

சம்பந்தி ஊருக்குத் திரும்பியபின் போன வாரம் போன் செய்தார். வருகிற ஆடிக்கு மூதூர் போகப் போகிறாராம், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. "சேருவிலப் பக்கமும் ஒருக்கா போய்ப் பாக்கப் போறன். சிட்டம் எப்பிடி இருக்கும் எண்டு ஒரு படம் அனுப்புங்கோ சம்பந்தி" என்றார். என்னிடம் இருந்த படத்தை அனுப்பி, கூடவே எழுதினேன்: கருப்பாக, கண்ணாடி உடைந்த மாதிரி பளபளக்கும், பார்க்கச் சிறிதாக இருந்தாலும் கை கனக்கும், உடைந்த இடத்தில் காற்றுக் குமிழ் இருக்கும், சில சமயம் பச்சைப் புள்ளி இருக்கும். கண்டால் எடுக்க வேண்டாம். கிடக்கிற இடத்திலேயே வைத்து, பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள்.